ஒரு பக்கம், மூன்று கோணம்: பரங்கிமலையில் தொடங்கி இந்தியாவை அளந்த வில்லியம் லாம்ப்டன்

புனேவின் விமான் நகரில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. பெயரிலேயே விமானம் இருக்கிறது, லோஹேகாவ் விமான நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. சாயங்காலம் பால்கனியில் நின்றால், விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவது தெரியும்.

போன மாதம் ஒருநாள், பத்தாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் கணக்குப் புத்தகத்தோடு வந்தாள். சைன், காஸ், டேன் எல்லாம் ஓரளவு புரிகிறதாம், இந்த 'காட்' மட்டும் எதற்கு என்று தெரியவில்லையாம். டேனைத் தலைகீழாகப் போட்டால் காட், அதற்கு எதற்குத் தனிப் பெயர் என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்விதான். நம்மில் பலரும் இதைக் கேட்காமலேயே தேர்வெழுதிவிட்டு வந்திருக்கிறோம்.

பதில் தேடப் போனபோது ஒரு மனிதரின் வாழ்க்கை கிடைத்தது. அவர் சென்னையில் தன் பெரிய வேலையைத் தொடங்கி, இதே மகாராஷ்டிராவில் ஒரு சிறிய ஊரில் இறந்துபோனவர். பெயர் வில்லியம் லாம்ப்டன். எவரெஸ்ட் சிகரத்தின் பெயர் தெரியாதவர்கள் கிடையாது. அந்த எவரெஸ்ட்டுக்கு மேலதிகாரியாக இருந்தவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

காட் என்றால் உண்மையில் என்ன?

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். ஒரு செங்கோண முக்கோணத்தில், கோணத்துக்கு எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் டேன். அடுத்துள்ள பக்கத்தை எதிர்ப்பக்கத்தால் வகுத்தால் காட். எளிமையாகச் சொன்னால், ஒரு மீட்டர் உயரத்துக்கு எத்தனை மீட்டர் கிடைமட்டத் தூரம் என்பதைச் சொல்லும் எண்தான் காட்.

இறங்கும் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான விமான நிலையங்களில் பயணிகள் விமானம் ஏறத்தாழ 3 டிகிரி சரிவில் இறங்குகிறது. காட் 3 டிகிரி என்பது சுமார் 19. அதாவது, விமானம் 300 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஓடுபாதையைத் தொடும் இடத்துக்கு இன்னும் 300 பெருக்கல் 19, ஏறக்குறைய 5.7 கி.மீ. இருக்கிறது. உயரம் தெரிகிறது, கோணம் தெரிகிறது, தூரம் வேண்டும் என்ற இடத்தில் காட் நேரடியாக வேலை செய்கிறது.

தனிப் பெயர் ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. செங்கோண முக்கோணத்தில் மற்ற இரண்டு கோணங்களும் சேர்ந்து 90 டிகிரி. இவை நிரப்புக் கோணங்கள். 3 டிகிரியின் நிரப்புக் கோணம் 87 டிகிரி. 87 டிகிரியின் டேனும் 3 டிகிரியின் காட்டும் ஒரே எண். நிரப்புக் கோணத்தின் டேன் என்பதால்தான், 1620-ல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் எட்மண்ட் கண்டர் இதற்குக் கோடேன்ஜென்ட் என்று பெயர் வைத்தார்.

பெயர் புதிது, பயன் பழையது. தரையில் ஒரு குச்சியை நட்டு நிழலை அளந்தால், குச்சியின் உயரத்தைப் போல நிழல் எத்தனை மடங்கு என்பது சூரியனின் ஏற்றக்கோணத்தின் காட். இந்திய வானியலாளர்கள் சங்கு என்று அழைத்த அந்தக் குச்சியை வைத்து நூற்றாண்டுகளாக நேரமும் திசையும் கணித்தார்கள்.

யார்க்‌ஷயரிலிருந்து மைசூர் வரை

லாம்ப்டன் சுமார் 1753-ல் இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்தார். பணமோ சிபாரிசோ இல்லை. கணக்கு நன்றாக வந்தது, அவ்வளவுதான். பள்ளிப் படிப்புக்குப் பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் பக்கம் சண்டையிட்டு, 1781-ல் யார்க்டவுனில் சிறைப்பட்டார்.

பிறகு பல ஆண்டுகள் இன்றைய கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் கழிந்தன. அங்கே நில அளவை வேலையும், படை முகாம் கட்டடங்களைக் கவனிக்கும் வேலையும் பார்த்தார். பதவி உயர்வு பெரிதாக இல்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் கணிதமும், பூமியின் வடிவத்தை அளக்கும் புவி அளவியலும் படித்துக்கொண்டே இருந்தார். சூரிய கிரகணத்தைப் பாதுகாப்பில்லாமல் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வை கெட்டது என்றும் சொல்லப்படுகிறது.

1790-களின் பிற்பகுதியில் அவருடைய படைப்பிரிவு இந்தியா வந்தது. அதன் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு என்று உலகம் அறிந்தவர். 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் லாம்ப்டனும் இருந்தார். ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு அருகே ஓர் இரவு, ஜெனரல் பெயர்டின் படை இருட்டில் நடந்துகொண்டிருந்தது. லாம்ப்டன் வானத்தைப் பார்த்துவிட்டு, தெற்கே போக வேண்டிய நாம் வடக்கே போகிறோம், இப்படியே போனால் திப்புவின் அணிகளுக்குள் நுழைந்துவிடுவோம் என்று எச்சரித்தார். ஜெனரல் முதலில் நம்பவில்லை. திசைகாட்டியை வைத்துப் பார்த்தபோது நட்சத்திரங்கள் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது.

மைசூர் விழுந்ததும் கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை கம்பெனியின் பிடி நீண்டது. அப்போதுதான் லாம்ப்டன் ஒரு திட்டத்தை முன்வைத்தார். தீபகற்பத்தின் குறுக்கே முக்கோணங்களால் ஒரு சங்கிலி போட்டு, இடங்களின் சரியான நிலையைக் கண்டுபிடிப்பது. அப்படியே பூமியின் வளைவையும் அளப்பது.

மதராஸ் நிர்வாகத்தில் எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. ஸ்ரீரங்கப்பட்டினம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, அதற்கு எதற்கு இத்தனை செலவு என்று கேட்டவர்களும் உண்டு. வெல்லெஸ்லியின் ஆதரவும், மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவின் சம்மதமும் திட்டத்தைக் காப்பாற்றின. வேலையைத் தொடங்கும்போது லாம்ப்டனுக்கு வயது ஏறக்குறைய ஐம்பது.

ஒரு பக்கம் போதும்

இந்தியா போன்ற நிலத்தைச் சங்கிலி போட்டே அளந்து முடிக்க முடியாது. ஆறு, காடு, மலை எல்லாம் குறுக்கே வரும். முக்கோணவியல் இங்கே ஒரு வழி தருகிறது. ஒரே ஒரு பக்கத்தை மட்டும் தரையில் துல்லியமாக அளந்துவிட்டால், மீதியைக் கோணங்களை வைத்தே கணக்கிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. தரையில் 12 கி.மீ. நீளக் கோடு ஒன்றை அளந்துவிட்டோம். தூரத்தில் ஒரு குன்று தெரிகிறது. கோட்டின் ஒரு முனையிலிருந்து பார்த்தால் கோட்டுக்கும் குன்றுக்கும் இடையே 60 டிகிரி. மறுமுனையிலிருந்து 50 டிகிரி. குன்றிலிருந்து கோட்டுக்கு ஒரு செங்குத்துக் கோடு இறக்குங்கள். அது 12 கி.மீ. கோட்டை இரண்டு துண்டாக்கும். முதல் துண்டு, செங்குத்துத் தூரம் பெருக்கல் காட் 60. இரண்டாவது, அதே தூரம் பெருக்கல் காட் 50. இரண்டும் சேர்ந்து 12.

காட் 60 என்பது 0.577, காட் 50 என்பது 0.839. கூட்டினால் 1.416. 12-ஐ இதனால் வகுத்தால் சுமார் 8.47. குன்று அந்தக் கோட்டிலிருந்து 8.47 கி.மீ. தள்ளி இருக்கிறது. யாரும் குன்றுக்கு நடந்துபோகத் தேவையில்லை.

லாம்ப்டன் குழுவினர் அன்றாடக் கணக்குக்குச் சைன் விதியையும் மடக்கை அட்டவணைகளையும்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். ஆனால் முக்கோணம் ஒன்றுதான். காட் வழியில் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பது நமக்குச் சட்டென்று புரியும்.

குன்றின் இருப்பிடம் தெரிந்துவிட்டால், முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் தெரிந்துவிடும். அவற்றில் ஒன்றை அடுத்த முக்கோணத்துக்குத் தொடக்கக் கோடாக வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து அடுத்தது. இப்படியே கன்னியாகுமரி வரைக்கும் போகலாம், இமயமலை வரைக்கும் போகலாம்.

சிக்கலும் இதே இடத்தில்தான் இருக்கிறது. முதல் கோட்டில் ஒரு தப்பு நடந்தால், அது எல்லா முக்கோணங்களுக்கும் கடத்தப்படும். அடித்தளத் தரவு தவறாக இருந்தால் மேலே எத்தனை அழகான வரைபடம் போட்டாலும் பயனில்லை என்பதைத் தரவுகளோடு வேலை செய்யும் யாரும் ஒருநாள் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம்.

பரங்கிமலை முதல் பெரும்பாக்கம் வரை

அந்த முதல் கோடு போடப்பட்ட இடம் சென்னை. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. கோட்டின் மறுமுனை பெரும்பாக்கம். நீளம் சுமார் ஏழரை மைல், அதாவது 12 கி.மீ. இன்று அந்தப் பக்கத்தில் ஐடி அலுவலகத்துக்கு வண்டியில் போகிறவர்களுக்கு இது அரை மணி நேரப் பயணம். லாம்ப்டனுக்கோ, சென்னையின் கோடை வெயிலில் வாரக்கணக்கில் நீண்ட வேலை.

அளக்கப் பயன்பட்டது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1793-ல் சீனா சென்ற பிரிட்டிஷ் தூதுக்குழு, பேரரசருக்குக் கொண்டுபோன பரிசுக் கருவிகளில் அதுவும் ஒன்று. அங்கே அதற்கு வரவேற்பு இல்லை. கைமாறி இந்தியா வந்து சேர்ந்தது.

12 கி.மீ.க்கு அந்தச் சங்கிலியைச் சுமார் 400 தடவை வைத்து எடுக்க வேண்டும். எஃகு சூட்டில் நீளும். 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் 100 அடிச் சங்கிலி ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நீளும். ஒரு தடவைக்கு அது ஒன்றுமே இல்லை. 400 தடவைக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1.4 மீட்டர். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் வைத்து, முக்காலிகள்மேல் தூக்கிப் பிடித்து, மேலே கூடாரத்து நிழல் கொடுத்து, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு தடவையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார்கள்.

கோணங்களை அளக்க லண்டனில் வில்லியம் கேரி செய்த பெரிய தியோடலைட் வந்தது. எடை ஏறக்குறைய அரை டன். அதைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரிஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இது அறிவியல் கருவி என்று தெரிந்ததும், எதிரி நாட்டுக்குரியது என்று பார்க்காமல் மதராஸுக்கே அனுப்பிவைத்தார்கள்.

வேலை மேற்கே நகர்ந்தது. மதராஸிலிருந்து மங்களூர்ப் பக்கம் வரை முக்கோணங்கள் போய்ச் சேர்ந்தபோது, அதுவரை இருந்த வரைபடங்கள் ஆட்டம் கண்டன. தீபகற்பத்தின் அகலம் சுமார் 400 மைல் என்று அவை காட்டின. லாம்ப்டன் கணக்கில் அது 360 மைல்தான். 40 மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது.

எல்லா முக்கோணமும் நல்ல முக்கோணம் இல்லை

கோணத்தை அளப்பதில் சின்னப் பிழை வந்தால் என்ன ஆகும்? அது கோணத்தைப் பொறுத்தது. காட் 45 டிகிரி என்பது 1. காட் 44 டிகிரி என்பது 1.036. ஒரு டிகிரி தவறினால் சுமார் மூன்றரை சதவீத மாற்றம். ஆனால் காட் 3 டிகிரி 19, காட் 2 டிகிரி 28.6. அதே ஒரு டிகிரித் தவறில் தூரம் ஒன்றரை மடங்காகிவிடும். பூஜ்ஜிய டிகிரியில் காட்டுக்கு மதிப்பே கிடையாது.

அதனால்தான் ஒல்லியான, கூரான முக்கோணங்களை நில அளவையாளர்கள் தவிர்ப்பார்கள். மூன்று கோணங்களும் ஏறக்குறைய 60 டிகிரியை ஒட்டி வரும்படி குன்றுகளைத் தேடி அலைவார்கள். அதோடு, இரண்டு கோணங்களை அளந்து மூன்றாவதை 180-லிருந்து கழித்துக் கண்டுபிடிப்பதோடு விட மாட்டார்கள். மூன்றையும் தனித்தனியாக அளப்பார்கள். கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்பதுதான் முதல் சோதனை.

இதிலும் ஒரு நுணுக்கம். பூமி வளைந்திருப்பதால், பெரிய முக்கோணங்களில் கூட்டுத்தொகை 180 டிகிரியைத் தாண்டும். ஏறக்குறைய 200 சதுர கி.மீ.க்கு ஒரு விகலை கூடும். ஒரு டிகிரியில் 3,600 விகலைகள் என்பதால் இது மிகச் சிறிய அளவு. ஆனாலும் 50 கி.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணத்தில் இது ஐந்து விகலைகளைத் தாண்டும். லாம்ப்டன் இதையும் கணக்கில் சேர்த்தார். பள்ளியில் படித்த 180 டிகிரி விதி, தட்டையான காகிதத்துக்கு மட்டும்தான் முழுமையாகப் பொருந்தும்.

அவர் வைத்துக்கொண்ட மிகக் கடுமையான சோதனை வேறொன்று. சில நூறு கிலோமீட்டர் முக்கோணங்களைக் கடந்ததும், மறுபடி தரையில் இறங்கி ஒரு கோட்டைச் சங்கிலியால் அளப்பார். கோணங்கள் வழியாக வந்த நீளமும், தரையில் அளந்த நீளமும் ஒத்துப்போக வேண்டும். 1804-ல் பெங்களூர் அருகே அளந்தபோது, பல கிலோமீட்டர் நீளக் கோட்டில் வித்தியாசம் சில அங்குலங்கள்தான்.

தஞ்சையில் அறுந்த கயிறு

காவிரிச் சமவெளியில் ஒரு புதிய சிக்கல். குன்றே கிடையாது. எங்கு பார்த்தாலும் வயல், தென்னை, பனை. ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்று தெரியாது. உயரமாக இருந்தவை கோயில் கோபுரங்கள் மட்டுமே. லாம்ப்டன் அவற்றையே நிலையங்களாக்கினார்.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அந்த அரை டன் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது, ஒரு கயிறு அறுந்தது. தியோடலைட் சுவரில் மோதியது. கோணம் அளக்கும் அதன் பெரிய வட்டம் நெளிந்துபோனது.

லண்டனிலிருந்து புதியதை வரவழைத்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லாம்ப்டன் கருவியை முழுவதுமாகப் பிரித்தார். வட்டத்தின் சரியான அளவைப் பலகையில் வரைந்துகொண்டு, நெளிந்த உலோகத்தைத் திருகுகளாலும் கப்பிகளாலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இதற்கு ஆறு வாரம் பிடித்தது. அடுத்த ஆண்டு முக்கோணங்கள் குமரி முனைப் பக்கம் போய்ச் சேர்ந்தன.

யாருக்காக இந்த அளவு?

இந்த வேலை அறிவியலுக்காக மட்டும் நடக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். துல்லியமான வரைபடம் இருந்தால் படையை நகர்த்துவது எளிது, வரி வசூலிப்பது எளிது. கம்பெனி பணம் கொடுத்ததற்கு அதுவும் காரணம். அளக்கப்பட்ட மண்ணில் வாழ்ந்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. ஊருக்குள் கொடியும் தொலைநோக்கியுமாக வந்து நின்றவர்களை மக்கள் சந்தேகத்தோடு பார்த்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கருவியைச் சுமந்தவர்கள், மரம் வெட்டி வழி செய்தவர்கள், கொடி பிடித்துக் குன்றில் காத்திருந்தவர்கள் எல்லாம் பெரும்பாலும் இந்தியர்கள். காட்டுக் காய்ச்சலில் பலர் இறந்தார்கள். முக்கோணங்களின் உச்சிகளுக்கெல்லாம் பெயர் பதிவாகியிருக்கிறது. அவர்களுக்கு இல்லை.

தெரிந்த பெயர்களில் ஒன்று ஜோஷுவா டி பென்னிங். மதராஸில் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் பயின்று, சிறுவயதிலேயே லாம்ப்டனிடம் சேர்ந்து, கடைசிவரை உடனிருந்தவர். அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. இதைப் படிப்பவர்களில் சிலர் அங்கே படித்தவர்களாகவும் இருக்கலாம்.

ஹிங்கன்காட்டில் முடிந்த பயணம்

1815-ல் முக்கோணங்கள் பீதர் வரை வந்துவிட்டன. 1817-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1818-ல் இந்த வேலைக்குப் பெரும் முக்கோணவியல் அளவை என்ற பெயர் அதிகாரப்பூர்வமாக வந்தது. அதே ஆண்டில் உதவியாளராக வந்து சேர்ந்தவர்தான் ஜார்ஜ் எவரெஸ்ட்.

லாம்ப்டனுக்கு அப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. ஊருக்குத் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. ஹைதராபாத்திலிருந்து நாக்பூர் நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, 1823 ஜனவரியில், இன்றைய வார்தா மாவட்டத்து ஹிங்கன்காட்டில் இறந்தார். எவரெஸ்ட் அப்போது உடனில்லை. பீதரிலிருந்து பம்பாயை நோக்கி மேற்கே இன்னொரு முக்கோண வரிசையைக் கொண்டுபோகும் வேலையில் இருந்தார். லாம்ப்டனின் கல்லறை ஹிங்கன்காட்டிலேயே இருக்கிறது.

இருபது ஆண்டுகளில் அவர் குழு அளந்தது சுமார் 1,65,000 சதுர மைல். இன்றைய தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

எவரெஸ்ட் அந்தச் சங்கிலியை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார். பிறகு 1852-ல், ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணிதவியலாளரின் கணக்குகளில், பதினைந்தாம் எண் சிகரம் உலகிலேயே உயரமானது என்று தெரிந்தது. நூறு மைலுக்கும் அப்பாலிருந்து பார்த்ததில் ஏற்றக்கோணம் சில டிகிரிகள்தான். காட் மிகவும் துள்ளும் ஆபத்தான எல்லை அது. தூரத்தை முக்கோணங்கள் ஏற்கெனவே தந்திருந்தன. காற்றில் ஒளி வளைவது, பூமியின் வளைவு எல்லாவற்றையும் திருத்தி, பல நிலையங்களின் சராசரியை எடுத்துக் கிடைத்த உயரம் 29,002 அடி, அதாவது 8,840 மீட்டர். 2020-ல் நவீனக் கருவிகளோடு அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். வித்தியாசம் சுமார் 9 மீட்டர்.

1865-ல் அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்ட்டின் பெயர் வைக்கப்பட்டது. லாம்ப்டன் பெயரும் சிக்தார் பெயரும் அந்த அளவுக்குப் பரவவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. பால்கனியில் நின்று, இறங்கிக்கொண்டிருந்த விமானத்தைக் காட்டி, 19-ஆல் பெருக்கச் சொன்னேன். அவள் போட்டுப் பார்த்துவிட்டு, விமானம் 300 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்பது எப்படித் தெரியும் என்று கேட்டாள். லாம்ப்டன் வெயிலில் வாரக்கணக்கில் சங்கிலி பிடித்ததும் அதே கேள்விக்காகத்தான். கோணம் எத்தனை சரியாக இருந்தாலும், முதல் அளவை யாராவது ஒருவர் உண்மையாக அளந்திருக்க வேண்டும்.